விட்டிட்டு வந்தனான்

2017 ஜனவரி 9, திங்கள்

காலை 10.20. சட்டத்தரணி துவாரகா தொலைபேசியில் அழைத்தாள். சுகிர்தாவுக்கும் ஆர்த்திகாவுக்கும் விசா மறுத்துவிட்டார்கள்.

டிப்போவில் ரைம் கீப்பராக இருந்த பதினொரு வருடமும் எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் சொல்லத் தொடங்கியதும் கை முதலில் நேரத்தைத்தான் குறித்தது.

எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்தது போன வருடம் வைகாசியில். ஐப்பசியில் மனைவியும் மகளும் வவுனியாவிலிருந்து விண்ணப்பித்தார்கள். எல்லாம் ஒழுங்கு, கடிதம் வருவதுதான் மிச்சம் என்று இருந்தோம்.

"அங்கிள், 2010இல நடந்த இன்ரவியூ ஞாபகம் இருக்கோ? அதில நாப்பத்தேழாவது கேள்வி."

"என்ன கேட்டவை?"

"உங்கட வைஃப் எங்க எண்டு. நீங்கள் சொன்ன பதிலை இங்கிலீஷில எழுதியிருக்கினம். 'ஐ லெஃப்ட் மை வைஃப். இப்ப தொடர்பில்லை.'"

"ஓம். விட்டிட்டு வந்தனான் எண்டுதான் சொன்னனான். அப்ப தொடர்பும் இல்லைத்தான். அதில என்ன பிழை?"

அவள் லண்டனில் பிறந்த பிள்ளை. தமிழில் ஒரு விஷயத்தைச் சொல்லுமுன் மனதுக்குள் அடுக்கிப் பார்ப்பாள்.

"இங்கிலீஷில அப்பிடிச் சொன்னா வேற மாதிரி விளங்கும் அங்கிள். மனிசி வேண்டாமெண்டு கலியாணத்தை முறிச்சுக்கொண்டு போனது மாதிரி. நீங்களே வாயால சொன்னதுதானே, இப்ப எப்பிடிக் குடும்பமாச் சேரப் போறீங்கள் எண்டு கேக்கினம்."

மேன்முறையீடு செய்யலாமாம். பெப்ரவரி 6, மாலை ஐந்து மணிவரை அவகாசம்.

பின்னேரம் வேலைக்குப் போனேன். பாண் ரொட்டி சுடும் தொழிற்சாலையில் இன்று மூன்றாம் இலக்க அடுப்பு பழுது. நாலு மணித்தியாலம் தட்டுகளைத் துடைத்தோம்.

ஜனவரி 11, புதன்

ஆங்கில வகுப்பு. நூல்நிலைய மாடியில் ஒவ்வொரு புதனும் ஹெலன் இலவசமாகப் படிப்பிக்கிறாள். முப்பது வயதிருக்கும். சைக்கிள் தலைக்கவசத்தைக் கழற்றாமலே சில நாள் பாடம் தொடங்கிவிடுவாள்.

முடிந்த பிறகு அவளிடம் கேட்டேன். ஒருவன் 'நான் என் மனைவியை லெஃப்ட்' என்று சொன்னால் என்ன அர்த்தம்?

"அவன் அவளைப் பிரிந்துவிட்டான் என்று அர்த்தம்."

"விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தால்?"

"அப்போது இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடம் சொல்லாவிட்டால் பிரிந்துவிட்டான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்."

2010 இன்ரவியூவில், முகாமில் விட்டிட்டு வந்தேன் என்று இடத்தையும் சேர்த்துச் சொன்னேனா, சொல்லவில்லையா? அந்த அறையில் பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் கறுப்புக் குளிர்ச்சட்டை போட்டிருந்தார். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. முகாம் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததா என்பது மட்டும் ஞாபகம் இல்லை.

ஜனவரி 12

இரண்டு ஷிஃப்ட். கால் வீக்கம்.

ஜனவரி 14, சனி

தைப்பொங்கல். வீட்டில் கூட இருக்கும் குகநேசன் பொங்கினான். அடிப்பிடித்துவிட்டது. இருந்தாலும் இரண்டு கோப்பை சாப்பிட்டேன்.

வவுனியாவுக்கு எடுத்தேன். சுகிர்தா தன் தம்பி வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறாள். தையல் தொழிற்சாலையில் வேலை. கடிதம் இன்னும் கைக்குப் போகவில்லை.

"சின்னப் பிழை ஒண்டு வந்திட்டுது. திருத்தலாம்" என்றேன்.

"என்ன பிழை?"

"ஒரு சொல்லு. மொழிபெயர்த்த ஆள் மாறிச் சொல்லிப்போட்டார்."

"என்ன சொல்லு?"

தொடர்பு சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். தொடர்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 17, செவ்வாய்

துவாரகாவின் அலுவலகம். கீழே முடிவெட்டும் கடை, மேலே இவள். படி ஏறும்போது சவர்க்கார வாசம் கூடவே வந்தது.

மேன்முறையீட்டுக்கு அவள் பிடித்திருக்கும் வழி இதுதான். நான் தமிழில் சொன்ன சொல்லுக்குக் கைவிடுதல் என்ற பொருள் இல்லை; மொழிபெயர்ப்பில்தான் அது நுழைந்தது. இதை நிலைநாட்ட வேண்டும். தொலைபேசிப் பட்டியல்கள், படங்கள் இருக்கின்றன. முக்கியம் சுகிர்தாவின் சத்தியக்கடதாசி. எந்த நிலைமையில் நான் அவர்களைப் பிரிந்து வந்தேன் என்று அவள் தன் சொல்லில் சொல்ல வேண்டும்.

"எப்பிடி நடந்தது எண்டு சொல்லுங்கோ அங்கிள். நான் ஒரு வரைவு எழுதிறன், அன்ரி பாத்துத் திருத்தட்டும்."

சொன்னேன். கடைசி ஒரு வருடம் இயக்கத்துக்குக் கட்டாயத்தில் பஸ் ஓட்ட வேண்டிவந்தது. சண்டை முடிந்து முகாமில் அடைபட்டிருந்தபோது என்னுடன் ஓட்டியவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். போனவர்கள் திரும்பவில்லை. வெளியே எடுத்துவிட ஒருவன் இருந்தான். ஒரு ஆளுக்குத்தான் வழி.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சு, நீங்கள் முதல்ல போறதெண்டு முடிவெடுத்தனீங்கள்?"

கேள்வியா, தட்டெழுதிக்கொண்டே தனக்குச் சொன்னதா என்று தெரியவில்லை.

"ஓம்" என்றேன்.

ஜனவரி 18, புதன்

இன்று வகுப்புக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே போனேன். நூல்நிலையத்தில் ஒரு பெரிய அகராதி இருக்கிறது. சொற்கள் எங்கிருந்து வந்தன என்றும் அதில் போட்டிருக்கும். லீவ் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் எத்தனையோ பத்தி. எழுத்து மிகச் சிறியது. நான் திணறுவதைக் கண்டு ஹெலன் வந்து பக்கத்தில் இருந்தாள். பாடத்தைவிட இது அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், துவாரகாவுக்கு உதவும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குப் போவது என்ற பொருளே இல்லையாம். 'இருந்த இடத்தில் இருக்கவிடுவது' என்பதுதான் முதற்பொருள். சாகிறவன் பிள்ளைகளுக்குக் காணியை விட்டுச் செல்வதும் அந்தச் சொல்தான். சாப்பிட்டு மிச்சம் வைப்பதும் அதுதான். ஒன்றை இருக்கவிட்டால் விட்டவன் அந்த இடத்தில் இல்லை என்றாகிறதல்லவா, அதனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போவது என்ற பொருள் வந்து ஒட்டிக்கொண்டது. இது நடந்து எண்ணூறு வருடமாகிறது. இன்னும் பின்னால் போனால், உயிர் வாழ்வதைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒரே வேர். ஜெர்மன் மொழியில் அதே வேரிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு இன்றைக்கும் தங்குவது என்றுதான் பொருளாம்.

"பார்த்தீர்களா, முதலில் இது இருப்பவர்களைப் பற்றிய சொல், போகிறவரைப் பற்றியது அல்ல" என்றாள் ஹெலன்.

அவளுக்குச் சந்தோஷம். எனக்கும். எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி எடுத்தேன். அவர்கள் உயிரோடு இருக்கட்டும் என்றுதான் விட்டுவிட்டு வந்தேன் என்று நீதிபதிக்குக் காட்டலாம்.

ஜனவரி 19, வியாழன்

பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்களுடைய 'விடு' மட்டும் லேசுப்பட்டதா? விடுதலையும் அதில்தான். பாடசாலை விடுமுறையும் அதில்தான். விடைபெறுவது அதில்தான், கேள்விக்கு விடை சொல்வதும் அதில்தான். வீடு என்பதே விடு என்பதிலிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்பில் படிப்பித்தார்கள்.

இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். 14 நிமிடம் திரும்பி நடந்தேன்.

ஜனவரி 22, ஞாயிறு

சுகிர்தாவின் கைக்குக் கடிதம் போய்விட்டது.

"ஆர்த்திகா வாசிச்சவள்" என்றாள்.

"விளங்கினதோ அவளுக்கு?"

"இங்கிலீசில வகுப்பில அவள்தான் முதல். விளங்காமல் என்ன. 'லெஃப்ட்' எண்டதில மட்டும் நிண்டவள். அம்மா, இதில எந்தக் கருத்து எண்டு கேட்டவள்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"அடுப்பில பால் இருந்தது. எழும்பிப் போயிட்டன்."

துவாரகா எழுதிய வரைவை வாசித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். 2009 ஆடி மாதம், உயிருக்கு ஆபத்து இருந்த காரணத்தால், கணவனும் மனைவியும் கலந்து பேசி, கணவன் முதலில் வெளியேறுவது என்று முடிவெடுத்தோம்.

"கலந்து பேசி எண்டு போட்டிருக்கோ?"

"ஓம்."

"எங்க இருந்து கதைச்சனாங்கள்?"

"சுகிர்தா, இது சட்டத்துக்கு எழுதிறது. அவையளுக்கு விளங்கிற மாதிரித்தான் எழுத வேணும்."

"இல்லை, நான் கேக்கிறன். கூடாரத்திலயோ? சமைக்கிற இடத்திலயோ? எனக்கு ஞாபகம் வரேல்லை, அதுதான் கேக்கிறன்."

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜனவரி 23, திங்கள்

வீட்டில் கொதிகலன் நின்றுவிட்டது. குளிர்தண்ணீரில் முகம் கழுவினேன். வீட்டுக்காரருக்கு மூன்று தடவை எடுத்தேன். வேறொன்றும் எழுத இல்லை.

ஜனவரி 25, புதன்

ஹெலன் எனக்காக வீட்டிலும் தேடிப் பார்த்திருக்கிறாள். என்னுடைய வதிவிட அட்டையில் 'லீவ் டு ரிமெய்ன்' என்று அச்சிட்டிருக்கிறதே, அந்த லீவ் வேறு சொல்லாம். தோற்றம் ஒன்று, பிறப்பு வேறு. அதற்கு அனுமதி என்று பொருள். அன்பு, நம்பிக்கை என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களுக்கு அது உறவு. நம்பி விரும்பிக் கொடுப்பதுதான் அனுமதி.

"ஆக, உங்கள் அட்டையில் இருப்பது நீங்கள் தேடும் சொல் அல்ல" என்றாள்.

நன்றி சொன்னேன். என்ன வழக்கு என்று அவள் கேட்டதில்லை. இன்று கேட்டாள். குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "நிச்சயம் வருவார்கள்" என்றாள். இவ்வளவு நல்ல பிள்ளையிடம் இதைப் போய்க் கேட்டிருக்கத் தேவையில்லை.

சுகிர்தாவிடமிருந்து சத்தியக்கடதாசி வரவில்லை. துவாரகா இரண்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டாளாம்.

ஜனவரி 27

எடுத்தேன். வவுனியாவில் அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

ஜனவரி 29, ஞாயிறு

பகல் 11.05. அவளாகவே எடுத்தாள். இத்தனை வருடத்தில் அவளாக எடுத்தது இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் அவளுடைய தாய் தகப்பன் செத்த செய்தி.

"நான் கையெழுத்து வைக்கேல்லை" என்றாள். "அப்பீலும் போடேல்லை. அந்தச் சட்டத்தரணிப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கோ, வீணா மினைக்கெட வேண்டாம் எண்டு."

"ஏன்? ஒரு சொல்லுப் பிழைச்சதுக்கோ?"

"அவங்கள் பிழையா எழுதேல்லை."

அவளே தொடர்ந்தாள்.

"நீங்கள் போன அண்டைக்குப் பின்னேரம் ஆமி வந்தவங்கள். உங்கட பேரைச் சொல்லிக் கேட்டவங்கள். எங்க எண்டு எனக்குத் தெரியாது. தெரியாது எண்டன். மனிசிக்குத் தெரியாமல் புருசன் போவானோ எண்டு கேட்டு என்னைக் கொண்டுபோய் மூண்டு நாள் வைச்சிருந்தவங்கள். பிள்ளையைப் பக்கத்துக் கூடாரத்து அக்கா பாத்தவ."

"நீர் ஒருநாளும் சொல்லேல்லையே சுகிர்தா."

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

உண்மை. 2012இல் முதன்முதல் தொடர்பு கிடைத்தபோது, சுகமா, பிள்ளை படிக்கிறாளா, தம்பி பார்க்கிறாரா என்று கேட்டேன். நான் வந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று தெரியும்.

"எனக்குச் சொல்லிப்போட்டுப் போயிருந்தா நான் மறிச்சிருக்க மாட்டன். அது உங்களுக்குத் தெரியும். போங்கோ எண்டுதான் சொல்லியிருப்பன். சொல்லியிருந்தா, அவங்கள் கேக்கேக்க சொல்லுறதுக்கு ஒரு பொய்யாவது யோசிச்சு வைச்சிருப்பன்."

"அப்ப ஏன் விசாவுக்குக் கையெழுத்து வைச்சனீர்?"

"பிள்ளைக்காக. அவள் அங்க வந்து படிக்கட்டும் எண்டு. அப்பாவை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது, பிறகு அவர் தப்பிப் போனவர் எண்டுதான் இவ்வளவு காலமும் அவளுக்குச் சொல்லி வைச்சனான். இப்ப கடிதத்தில நீங்களே சொன்ன மாதிரிக் கிடக்கு. இனி அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? ஓம், அப்பா விட்டிட்டுத்தான் போனவர் எண்டு சொல்லிப்போட்டன்."

வைக்குமுன் இன்னொன்றும் சொன்னாள். "அதை எழுதினவனுக்கு என்னைத் தெரியாது, உங்களைத் தெரியாது. ஆனா அவன் ஒருத்தன்தான் உள்ளதை எழுதியிருக்கிறான்."

19 நிமிடம் பேசியிருக்கிறோம்.

ஜனவரி 31, செவ்வாய்

துவாரகாவிடம் போனேன். நான் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத்தையும் ஆங்கிலத்தில் அழகாகத் தட்டெழுதி வைத்திருந்தாள்.

"பிழை மொழிபெயர்ப்பில இல்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். நான் சுகிர்தாவுக்குச் சொல்லாமல் வந்ததைச் சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் அழுவாள், ஆட்கள் பார்ப்பார்கள், விஷயம் வெளியே போய்விடும் என்று பயம். இதைத்தான் எனக்கு நானே சொல்லிவருகிறேன். பிறகு துவாரகாவிடம் மற்றதையும் சொன்னேன். சுகிர்தாவிடம் சொன்னால் அவளும் வருகிறேன் என்பாளோ, பிள்ளையை எப்படி விடுவது என்று கேட்பாளோ, அந்தக் கேள்விக்கு முன்னால் என் கால் நின்றுவிடும் என்று பயந்தேன்.

துவாரகாவுக்குக் கண் கலங்கியது. என் மகள் இவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

"அங்கிள், ஆர்த்திகாவின்ர விண்ணப்பம் தனி. மகள் எண்டதில ஒரு சந்தேகமும் இல்லை. அவவுக்கு மட்டும் அப்பீல் போடலாம். வெல்லுவம் எண்டுதான் நினைக்கிறன். அவவுக்கு விருப்பம் வேணும், அன்ரி சம்மதம் குடுக்க வேணும். கதைச்சுப் பாருங்கோ."

சுகிர்தாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் பதில். 'அவள் வாறதெண்டால் நான் மறிக்க மாட்டன். ஞாயிறு எடுங்கோ.'

பெப்ரவரி 3, வெள்ளி

குகநேசன் தன் அறையைத் தருகிறேன் என்கிறான். அது பெரிய அறை, வெயில் படும். பிள்ளை வந்தால் அதில் இருக்கட்டும், தான் என் அறைக்கு மாறுகிறேன் என்றான். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவன் அளவுநாடா எடுத்து மேசை எங்கே போடலாம் என்று அளந்தான். நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெப்ரவரி 5, ஞாயிறு

காலை 9.30. அங்கே பகல் மூன்று மணி. ஆர்த்திகாதான் எடுத்தாள். குரல் சுகிர்தாவுடையது மாதிரி ஆகிவிட்டது.

படிப்பைப் பற்றிக் கேட்டேன். மூன்றாம் தவணையில் கணிதத்துக்குத் தொண்ணூற்றொன்று. இங்கே பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம் என்றேன். அறை இருக்கிறது, மேசை போடலாம் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றாள்.

பிறகு, "அப்பா, நான் ஒண்டு கேக்கட்டோ?" என்றாள்.

"கேளும் குஞ்சு."

"தண்ணி வரிசைக்கு என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

இந்தக் கொப்பியில் அதை நான் எழுதவில்லை. துவாரகாவுக்கும் சொல்லவில்லை. அந்த வரிசையில் நடந்தது சுகிர்தாவுக்கும் தெரியாது, கூடாரத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது.

முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியில்தான் என்னை எடுப்பதாக ஒழுங்கு. பவுசர் ட்ரைவரின் உதவியாள் மாதிரி முன்சீட்டில் ஏறி, உடனே கீழே குனிந்துவிட வேண்டும். தனியாக ஒரு ஆம்பிளை பவுசரடியில் சுற்றிக்கொண்டு நின்றால் காவலில் நிற்பவனுக்குச் சந்தேகம் வரும். ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் கானோடு நிற்பவனை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போனது அதற்காக. ட்ரைவர் கண்ணைக் காட்டியதும் கானை அவள் கையில் கொடுத்து, இதைப் பிடிச்சுக்கொண்டு நில்லம்மா, அப்பா வாறன் என்று சொன்னேன்.

இதையெல்லாம் அவளுக்கு என்னவென்று சொல்வது?  அவளே சொன்னாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கப்பா. அம்மா, ஆமி பிடிச்சது எண்டு சொல்லேக்கயெல்லாம் நான் அப்ப கண்டது கனவெண்டுதான் நினைச்சனான். கடிதத்தில அந்தச் சொல்லைக் கண்டாப் பிறகுதான் கனவில்லை எண்டு விளங்கினது."

"என்னத்தைக் கண்டனீர்?"

"நீங்கள் பவுசருக்க ஏறினதை. நான் கூப்பிடேல்லை. பிடிச்சுக்கொண்டு நில்லெண்டு சொன்னனீங்கள் எல்லோ. வரிசை போகப் போக நானும் போனனான். ஒரு அம்மா கான் நிரப்பித் தந்தவ. தூக்க ஏலேல்லை. விட்டிட்டுப் போனா ஆரும் எடுத்திடுவினம் எண்டு பக்கத்திலயே நிண்டனான். மத்தியானம் பக்கத்துக் கூடாரத்து அக்கா வந்து கூட்டிக்கொண்டு போகுமட்டும் நிண்டனான்."

அவள் அழவில்லை. பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள்.

"பவுசர் திரும்பிற இடத்தில நீங்கள் திரும்பிப் பாத்தனீங்களோ அப்பா? எனக்கு அது மட்டும் வடிவாத் தெரியேல்லை. கண்ணாடியில வெயில் அடிச்சது."

நான் திரும்பிப் பார்த்ததாக இந்த எட்டு வருடமும் எனக்குள் சொல்லிவந்திருக்கிறேன். அவள் கையை ஆட்டியதாகக்கூட ஒரு ஞாபகம் வைத்திருக்கிறேன். ஆனால் நான் சீட்டுக்குக் கீழே குனிந்திருந்தேன். முகாமின் வாசல் தாண்டி இரண்டு மைல் போகும்வரை குனிந்துதான் இருந்தேன்.

"இல்லையம்மா" என்றேன்.

"சரியப்பா" என்றாள்.

அந்தப் பக்கத்தில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நான் வரேல்லை அப்பா. கோபமில்லை. அம்மாவை விட்டிட்டு வர எனக்குச் சரிவராது. ரியூசனுக்கு நேரமாச்சு, வைக்கட்டோ?"

"வையம்மா."

9.52.

பெப்ரவரி 6, திங்கள்

மாலை ஐந்து மணிக்குக் காலக்கெடு முடிந்தது. நாங்கள் ஒன்றும் அனுப்பவில்லை. குகநேசனுக்கு இன்னும் சொல்லவில்லை, அவன் அறையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறான்.